கஞ்சி நூலில் கட்டிய கோழிக்கூண்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரிய ற வரவேண்டிய இடத்தில் சின்ன ர போட்டிருப்பேன், ஒற்று விட்டிருப்பேன். தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துத் திருத்தி வாங்கலாம்தான். ஆனால் இதில் உள்ள சங்கதியை இன்னொருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார் என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. அதனால் பிழையோடேயே இருக்கட்டும்.

எங்கள் ஊர் குமாரபாளையம். காவிரிக்கு இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் பவானி. நான் கைத்தறி நெய்கிறவன். வீட்டுக்குள் ஒரு குழித்தறி, பின்னால் ஒரு சின்னப் புறக்கடை, அதற்கு ஒரு கிளுவை வேலி, வேலிக்கு அப்பால் ஆற்றுக்கு இறங்கும் தடம். இப்போது அந்த வீட்டில் நான் ஒருவன்தான். என் மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வருஷம், அவள் என்னை விட்டுவிட்டுத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு மாதம் இருந்தாள். திரும்பி வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் நான் இங்கே கோழிக்குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் சித்திரையில் எங்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை வயிற்றிலேயே தங்காமல் போயிருந்தது. இது தங்கியது. ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் காலையில் பால் குடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டது.

பச்சைக் குழந்தை இறந்தால் எங்கள் பக்கத்தில் மேளம் இல்லை, கூட்டம் இல்லை. தகப்பன்தான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு வரவேண்டும். எந்த இடத்தில் புதைத்தான் என்பதைப் பெற்றவளிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அவள் மனசு அங்கேயே போய்க் கிடக்கும், அடுத்த குழந்தை தங்காது என்பார்கள். நானும் சொல்லவில்லை. ஆற்றில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு வந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளிடம் ஏதாவது பேச வேண்டும் என்று தெரிந்தது. என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் பாதி நெய்தபடி நின்றிருந்தது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவள் சோறு வைப்பாள், நான் சாப்பிடுவேன், அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு செவலைக் கோழி இருந்தது. குழந்தை போய் ஒரு மாதம் கழித்து அது அடைக்கு உட்கார்ந்தது. அதுவரை வீட்டைவிட்டு வெளியே வராதவள் அன்றைக்கு எழுந்து புறக்கடைக்குப் போனாள். ஒரு கூடையில் தவிடும் மணலும் கலந்து பரப்பி, பதின்மூன்று முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து அடுக்கினாள். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருப்பதற்காக ஓரத்தில் ஒரு கரித்துண்டும், ஒரு வற்றல் மிளகாயும், ஒரு இரும்பு ஆணியும் வைத்தாள். கோழியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே குந்தியிருந்தாள். தறியில் இருந்தபடியே நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் பள்ளிபாளையத்திலிருந்து அவள் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, புள்ள உடம்பு கரைஞ்சு போச்சுங்க. கொஞ்ச நாளைக்கு எங்கூட்டுல இருக்கட்டும். உங்களுக்கு வருத்தம் ஒண்ணுமில்லீங்களே?"

வருத்தம்தான். ஆனால், "அதெல்லாம் இல்லீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இன்னும் அஞ்சு நாள்ல பொரிச்சுரும். கோழியைக் கலைச்சுப் போடாதீங்க. ஒரு நாளைக்கு ஒருக்கா எறக்கி உட்டுத் தண்ணி காட்டுங்க" என்றாள். எப்போது வருவாய் என்று கேட்க வாய் வரவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

இருபத்தோராம் நாள் விடிந்தபோது முட்டையைக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் சத்தம். அன்றைக்குத் தறியில் உட்காரவே இல்லை. பொழுது சாய்வதற்குள் பதினொன்று பொரித்துவிட்டன. இரண்டு கூமுட்டை. ஈரம் காய்ந்ததும் கோழியின் இறக்கைக்கு அடியிலிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே வந்து என்னைப் பார்த்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாசலுக்கு வந்தேன். தெருவில் போனவர்கள் எல்லாம் அவரவர் வேலையாகப் போனார்கள். நிறுத்திச் சொல்லும் ஆள் அல்ல நான். திரும்பி உள்ளே போய்விட்டேன்.

எங்கள் தெருத் தறிகளுக்கெல்லாம் நூல் கொண்டுவந்து போட்டு, நெய்த துணியை ஏற்றிப் போகிற ஒரு வண்டிக்காரர் இருந்தார். வாய் ஓயாத மனுஷர். வாரத்துக்கு ஒரு நாள் ஈரோட்டுச் சந்தைக்குப் போவார். வழியில்தான் பள்ளிபாளையம். அந்த வாரம் அவர் வந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அண்ணா, எங்க மச்சான் ஊட்டுல ஒரு சேதி சொல்லோணுமுங்க."

"சொல்லு சாமி. எப்ப வாரேன்னு கேக்கோணுமா?"

"அதில்லீங்க. பதினொண்ணு பொரிச்சிருக்குதுன்னு சொல்லுங்க."

மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊட்டுக்காரிக்குச் சொல்லி உடற சேதியா இது?"

"ஆமாங்க."

"பாவம் அந்தப் புள்ள. கட்டிக்கிட்டவன் கோழிகிட்டதான் குடும்பம் நடத்தறான்னு சொல்றேன் போ."

அடுத்த வாரம் அவர் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்தார். "சொன்னேன் சாமி. மொதல்ல சிரிச்சுது. பொறவு ஒரு பாரம் சேதி ஏத்தி உட்டுது, எனக்கு நூல் கணக்கே மறந்து போச்சு. நொய்யை ஊற வெச்சுப் போடோணுமாம். தண்ணியைச் சட்டியில வெக்கக்கூடாதாம், உழுந்து செத்துப் போகுமாம். கொட்டாங்கச்சியில வெச்சு நடுவால ஒரு கல்லுப் போடோணுமாம். அப்பறம் என்னமோ கரையான்னு சொல்லுச்சு."

சிரித்தாள் என்று அவர் சொன்னதையே அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சித்திரைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கரையான் விஷயம் எனக்கே தெரியும். பழைய பானையில் சாணியும் ஈரக் கந்தலும் திணித்து வேலியோரம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். தட்டிவிட்டால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பொறுக்கும். ஆனாலும் அவள் சொல்லித்தான் செய்கிறேன் என்று இருக்கட்டும் என்று சேதி வந்த மறுநாள்தான் பானையைக் கவிழ்த்தேன். இப்படியே வாரம் ஒரு சேதி போனது, ஒரு சேதி வந்தது. ஒரே வீட்டில் ஏழு வருஷம் இருந்தபோதுகூட நாங்கள் இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது முதல் குஞ்சு போயிற்று. பகலில் குஞ்சுகளையும் கோழியையும் மூங்கில் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டுத்தான் நெய்வேன். அன்றைக்கு மேயட்டும் என்று திறந்துவிட்டு, இதோ முடிந்துவிடும் என்று நாலு விரற்கடை நெய்துகொண்டிருந்தேன். கோழி அடித்தொண்டையில் கத்தியது. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் பருந்து வேலிக்கு மேலே உயர்ந்துவிட்டது. காலில் மஞ்சளாக ஒன்று தொங்கியது.

வண்டிக்காரர் வந்து, "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"பதினொண்ணும் நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க."

அவருக்கு அது பொய் என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு குஞ்சு செத்ததை அவளுக்குச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இந்த வீட்டில் எதுவும் தங்காது என்று அவள் நினைத்துவிட்டால் பிறகு எதற்காக வருவாள்?

இனி ஒன்றும் போகக்கூடாது என்று ஒரு கூண்டு கட்டத் தொடங்கினேன். பஞ்சாரமும் அவற்றுக்குப் போதவில்லை, இறக்கை முளைத்துவிட்டது. மூங்கிலைப் பிளந்து சீவினேன். நாலு பக்கமும் சட்டம். சட்டத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் குச்சிகள். அந்த வேலை எனக்குக் கைவந்தது. நெசவுக்காரன் கண் இடைவெளியில் தப்பாது. கட்டுவதற்குக் கயிறு தேடவில்லை. தறியில் பாவு முடிந்ததும் மிஞ்சும் நூல் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. அரிசிக் கஞ்சியும் நல்லெண்ணெயும் ஏற்றி வெயிலில் விறைக்க வைத்த நூல். எட்டு இழை சேர்த்து முறுக்கினால் கம்பி மாதிரி நிற்கும், முடிச்சு நழுவாது. ஒவ்வொரு குச்சிக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று என்று முடி போட்டேன். கட்டி முடித்து எட்ட நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. "கூண்டு கட்டிப் போட்டேன், பாவு நூல்லயே கட்டுனேன்னு சொல்லுங்க" என்று சேதி அனுப்பினேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஊரே எங்கள் வேலியோரத் தடத்தில்தான் ஆற்றுக்கு இறங்கியது. முளைப்பாரித் தட்டுகளும், புதுத் துணியும், பேச்சும் சிரிப்புமாகப் போனார்கள். போன வருஷம் அவளும் காதோலை கருகமணி எடுத்துக்கொண்டு இந்தத் தடத்தில் போயிருந்தாள். நான் புறக்கடையில் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டு வேலி மறைவில் நின்றேன். யாரோ ஒரு பெண் குரல், "இந்த ஊட்டுக்காரி இன்னும் வரலையா?" என்று கேட்டது. இன்னொருத்தி, "எங்க வாரது? இவுரு கூப்புடவே இல்லியாமா" என்றாள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அதற்கடுத்து இரண்டு மூன்று நாள் தூறல் விடவே இல்லை. நாலாம் நாள் விடிந்து கதவைத் திறந்தால், கூண்டின் ஒரு பக்கமே சரிந்து கிடந்தது. குச்சிகள் ஒன்றுகூட முறியவில்லை. கட்டுகள்தான் இல்லை. கீழ்வரிசை முடிச்சுகள் அத்தனையும் தின்று தீர்ந்திருந்தன. பக்கத்தில் புதிதாக ஒரு பொந்து. பெருச்சாளி.

பாவு நூலை எலிக்குப் பயந்து விட்டத்தில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் நாங்கள். கஞ்சி வாசனைக்கு எலி எத்தனை தூரத்திலிருந்து வரும் என்பது தறிவீட்டில் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதே நூலை ஈரத் தரையோடு தரையாக நான் முடி போட்டு வைத்திருக்கிறேன். மழையில் கஞ்சி ஊறிப் புளித்து மணத்திருக்கிறது. விறைப்பாக நிற்கிறதே என்று பார்த்த எனக்கு அது தீனி என்று தோன்றவில்லை.

கோழி மூலையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது, காலில் கடி. அதன் இறக்கைக்குள் நாலு குஞ்சுகள் உயிரோடு இருந்தன. ஆறு குஞ்சுகளை முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

அன்றைக்குத்தான் வண்டிக்காரர் வரும் நாள். வந்தவர் திண்டாட்டமாக நெற்றியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "சாமி, அந்தப் புள்ள ஒரே அவசரமா ஒண்ணு சொல்லுச்சு. கஞ்சி நூல்லயா கட்டுனாரு, ஒடனே அவுத்துப் போட்டுப் பனை நாருல கட்டச் சொல்லுங்க, எலி வந்துருமுன்னுது. வண்டிக்குப் பொறத்தாலயே கொஞ்ச தூரம் ஓடியாந்துது."

அவர் எட்டிப் புறக்கடையைப் பார்த்தார். சரிந்த கூண்டையும் நொண்டும் கோழியையும் பார்த்தார்.

"எத்தனை?"

"நாலு இருக்குதுங்க."

"அடப் பாவமே."

"அண்ணா, அங்க சொல்லீராதீங்க. பதினொண்ணுன்னே சொல்லுங்க. நாருல மாத்திக் கட்டீட்டேன்னு சொல்லுங்க."

அவர் ரொம்ப நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றார். அன்றைக்கு ஒரு கிண்டலும் பண்ணவில்லை.

இந்தத் தடவை கூண்டை வேறு மாதிரி கட்டினேன். ஒரு முழம் ஆழம் தோண்டி, அடியில் பலகைக் கல் பாவி, சந்துகளில் ஓட்டுச் சில்லும் சுண்ணாம்பும் இடித்துத் திணித்தேன். பெருச்சாளி பறித்தாலும் கல்லில்தான் முட்ட வேண்டும். இடுப்பளவுக்கு மண்சுவர். அதற்கு மேல் காற்றுக்குப் பனைமட்டைக் குச்சிகள். எல்லாவற்றையும் ஊறவைத்த பனை நாரில் இறுக்கினேன். மேலே ஓடு. கதவுக்குப் பழைய பலகை, குறுக்கே ஒரு மரத் தாழ். சுற்றிலும் இலந்தை முள் போட்டேன். தறி வேலைக்கு நடுநடுவே செய்ததால் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கல் சுமந்து தோள் வீங்கியது. நாலு குஞ்சுக்கு இத்தனை பெரிய கூண்டா என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார். நான் மண் பிசைந்துகொண்டிருந்தேன்.

பொய் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. சேவல் எத்தனை, பெட்டை எத்தனை என்று கேட்டு அனுப்பினாள். அஞ்சு சேவல், ஆறு பெட்டை என்று சொல்லி அனுப்பினேன். நிறம் கேட்டாள். ஒன்று கழுத்தில் வெள்ளை, இரண்டு கருப்பு, ஒன்று மயில் நிறம் என்று தறியில் உட்கார்ந்து யோசித்து வைத்துச் சொன்னேன். தறி நாடா இங்கும் அங்கும் ஓட ஓட அந்தப் பதினொன்றும் எனக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டன. சாயந்திரம் கதவைச் சாத்தும்போது நாலைப் பார்த்தால்தான் திக்கென்று இருக்கும்.

புரட்டாசி முடிகிற சமயம் வண்டிக்காரர் நூல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"சாமி, இனிமே என்னால ஆவாது. எனக்கு வாய்தான் நீளம், நெஞ்சு அவ்வளவு நீளமில்லே."

"என்னாச்சுங்க?"

"அந்தப் புள்ள அடுத்த வாரம் நம்ம வண்டியிலயே வாருதாமா. பதினொண்ணையும் கண்ணுல பாக்கோணுமாம். வெள்ளைக் கழுத்துக்காரி முட்டை உடறப்ப நானு அங்க இருக்கோணுமுன்னு சொல்லுது. அதும் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நான் எப்பிடிச் சாமி கூட்டியாறது?"

வருகிறாள் என்று கேட்டதும் கூண்டின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. இல்லாத ஏழு குஞ்சுகளுக்காக அவள் வருகிறாள். வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு அதே வண்டியில் ஏறினால், அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் வரமாட்டாள்.

அந்த வாரச் சந்தையில் அதே வயசுக் குஞ்சுகள் ஒரு கூடை நிறைய இருந்தன. குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கழுத்து ஒன்றுகூட இருந்தது. விற்கிறவர், "எத்தனை வேணுமுங்க?" என்று கேட்டார். ஏழு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கோழிக்கும் குஞ்சுகளுக்கும் தண்ணீரும் தீனியும் வைத்துக் கூண்டைச் சாத்திவிட்டு, பள்ளிபாளையத்துக்கு நடந்தேன். கல்யாணமான பிறகு பண்டிகை அல்லாத நாளில், யாரும் கூப்பிடாமல், அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் மச்சான் சம்சாரம் சாணி தெளித்துக்கொண்டிருந்தார்.

"அட, மழை பொத்துக்கிட்டு ஊத்தப் போவுது! தம்பி காலு நம்மூட்டு வழி தெரிஞ்சு வந்திருக்குது பாருங்க! வாங்க தம்பி. நல்லா இருக்கறீங்களா? கோழியெல்லாம் சௌக்கியமுங்களா?"

"இருக்குதுங்க அக்கா."

"போங்க, உள்ளதான் தார் சுத்திக்கிட்டு இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார்.

அவள் ராட்டை முன்னால் உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பப் போய் ராட்டையில் உட்கார்ந்தாள்.

"பதினொண்ணு இல்லே" என்றேன்.

ராட்டை நின்றது.

"எத்தனைங்க?"

"நாலு."

அவள் இழையைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். "எப்பங்க?"

"ஒண்ணு ஆடிக்கு முந்தியே போச்சு, பருந்து. ஆறு பெருச்சாளி. நீ கஞ்சி நூலுன்னு சொல்லி உட்ட சேதி வந்த அன்னிக்குக் காத்தால."

"வெள்ளைக் கழுத்து?"

"அப்பிடி ஒண்ணு இருந்ததே இல்லே."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"செத்ததையெல்லாம் என்ன பண்ணுனீங்க?"

"பொதைச்சேன்."

"எங்கீங்க?"

"முருங்கை மரத்தடியில. ஆறையும் ஒரே குழியில."

அவள் தலையைத் தூக்கி என் முகத்தை நேராகப் பார்த்தாள். "குஞ்சுக்கு எடம் கேட்டா ஒடனே சொல்றீங்க" என்றாள்.

வெளியே யாரோ மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. நான் சொம்பைக் கீழே வைத்தேன். சொல்லக்கூடாது என்ற வழக்கம் எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

"ஆத்துத் தடத்துல எறங்காம வடக்கால ஒரு மேடு இருக்குது. வேப்பமரம் ஒண்ணு, அதுக்குக் கெழக்கே. பக்கத்துல படுத்த பாறை."

"வெள்ளம் வந்தா?"

"ஏறாது. பெரிய வெள்ளத்துக்கே அந்த மேடு முழுகலேன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வெச்சேன்."

"ஆழமாத் தோண்டுனீங்களா?"

"இடுப்பளவு. மம்முட்டிப் பிடி ஒடஞ்சு போச்சு. பொறவு கையிலயே பறிச்சேன்."

"மேல?"

"நரி பறிக்காம இருக்கக் கல்லு அடுக்குனேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எந்தப் பக்கம் தலை வெச்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "என்ன துணி சுத்தியிருந்தீங்க?" சொன்னேன். "நீங்க அழுதீங்களா?" என்று கேட்டாள். "முழுகும்போது" என்றேன். அவள் அறுந்த இழையை முடிந்துவிட்டு மறுபடி ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"போங்க. பொழுது சாயறதுக்குள்ள ஊடு சேருங்க. கூண்டு தொறந்து உடோணுமல்ல, நாளெல்லாம் அடைச்சுக் கெடக்கும்" என்றாள்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் நடந்தேன்.

அடுத்த வாரம் வண்டி வந்தது. நூல் மூட்டைகள்தான் இருந்தன. "ஒண்ணும் சொல்லி உடலே சாமி" என்றார் வண்டிக்காரர். அதற்கடுத்த வாரமும் அப்படியே. எனக்கும் சொல்லி அனுப்ப எதுவும் இல்லை. குஞ்சுகளைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு அந்தச் சேதிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது போலிருந்தது. தீபாவளி வந்தது. பக்கத்து வீட்டில் பலகாரம் கொடுத்தார்கள். வாங்கி வைத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தேன். பண்டிகை நாளில் தறிச் சத்தம் கேட்கக்கூடாது என்று பிறகுதான் நினைவு வந்தது. எழுந்துகொண்டேன். செய்ய வேறு வேலை இல்லை.

தீபாவளி கழிந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் நெய்துகொண்டிருந்தேன். புறக்கடையில் கோழி குரல் கொடுத்தது. பயந்து கத்தும் குரல் அல்ல, தீனி கண்டால் கூப்பிடும் குரல். போய்ப் பார்த்தேன். அவள் கூண்டுக்கு முன்னால் குந்தி, மரத் தாழை இழுத்து இழுத்துச் சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் வழியாக வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். வேலிப் படலைத் திறந்து வந்திருக்கிறாள். இரண்டு காலிலும் கணுக்கால் வரை ஆற்றுமேட்டு மண் அப்பியிருந்தது. துணி மூட்டை வேலியோரம் கிடந்தது.

"தாழு கெட்டியா இருக்குதுங்க" என்றாள்.

நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அவள் குடிக்கவில்லை. அந்தத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் அந்த மேட்டுக்குப் போய்வருவதைப் பார்த்து ஊரில் சிலர், எடத்தைச் சொல்லிப் போட்டான், அதான் என்று பேசியது எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தாள். அந்த மேட்டுக்கு எப்போது போனாலும் தனியாகத்தான் போவாள். கூட வா என்று என்னை அவள் கூப்பிட்டதில்லை, நானும் வருகிறேன் என்று சொன்னதில்லை. அவள் போய்விட்டு வரும் வரை தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பார்த்திப வருஷம், தை மாதம் இருபத்தெட்டாம் தேதி, குமாரபாளையம்.